மன்னர் விட்டுவைத்த பாதிப் பக்கம்

கேள்வி: பெண்களுக்குப் பதவியே தராத 16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அரசவைகளில், தீர்க்கதரிசனம் சொன்ன பெண்களுக்கு மட்டும் மன்னர்கள் செவிசாய்த்தது ஏன்? அது உண்மையான அதிகாரம்தானா?

பதில்: அவள் வாய்வழியாகக் கடவுள் பேசுகிறார் என்று நம்பினார்கள், அதனால் கேட்டார்கள். அதிகாரமா என்றால், எழுதிய கை யாருடையது என்று முதலில் பார்க்கச் சொல்வேன்.

மாட்ரிட்டில் லுக்ரேசியா தெ லியோன் என்று ஓர் இளம்பெண். 1587 முதல் 1590 வரை அவள் கண்ட 400-க்கும் மேற்பட்ட கனவுகளைப் பாதிரிமார் எழுதிக்கொண்டார்கள். ஸ்பெயினின் கப்பற்படை தோற்பதாக ஒரு கனவு. 1588-இல் படை தோற்றே போனது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆட்சியைக் கனவுகள் பழிக்கப் பழிக்க, அரசரின் மேல் மனக்குறை உள்ளவர்களுக்கு அவை ஆயுதமாயின. 1590-இல் கைதானபோது அவள் கர்ப்பிணி. சமயக் கொள்கைக்கு மாறானவர்களை விசாரித்த திருச்சபை மன்றமான சமய விசாரணையின் சிறையில்தான் பிள்ளை பெற்றாள். 1595-இல் வந்த தீர்ப்பு: 100 கசையடி, மாட்ரிட்டை விட்டு வெளியேற்றம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இங்கிலாந்தில் தீர்க்கதரிசனம் சொன்ன கன்னியாஸ்திரீ எலிசபெத் பார்ட்டனின் கதி இன்னும் கொடியது. அரசியை விலக்கிவிட்டு ஆன் பொலினை மணந்தால் அரியணை நிலைக்காது என்று எட்டாம் ஹென்றிக்கே எச்சரிக்கை விடுத்தவர் அவர். வழக்கு விசாரணை இல்லாமல், நாடாளுமன்றச் சட்டத்தைக் கொண்டே 1534-இல் தூக்கிலிட்டார்கள்.

நான் திரும்பத் திரும்பத் தேடிப் போவது ஸ்பெயினின் ஆக்ரெதா ஊரில் கன்னியர் மடத்துத் தலைவியாக இருந்த மரியாவிடம். 1643-இல் போர்முனைக்குப் போகும் வழியில் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப் அந்த மடத்தில் இறங்கினார். பிறகு 22 ஆண்டுகள், 600-க்கும் மேற்பட்ட கடிதங்கள். மன்னர் தாளில் பாதியை எழுதி மறுபாதியை வெறுமையாக விடுவார். வேறு யார் கண்ணிலும் படாமலிருக்க, அதே தாளில் மரியா பதில் எழுதித் திருப்பி அனுப்பவேண்டும். கிறிஸ்தவ அரசர்களுக்குள் போர் வேண்டாம், சமாதானம் செய்யுங்கள் என்று அந்தப் பாதிப் பக்கத்தில் அவர் விடாமல் வற்புறுத்தினார். அதை அதிகாரம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனாலும் 1650-இல் சமய விசாரணையாளர்கள் அவரையும் மடத்துக்கே வந்து கேள்விகளால் குடைந்தெடுத்தார்கள்.

தாளைத் திருப்பி அனுப்பும் முன், மன்னர் எழுதியதையும் தாம் எழுதியதையும் மரியா படியெடுத்து வைத்துக்கொண்டார்.