சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் யாருடையது?

கஷாபா தாதாசாகேப் ஜாதவ் என்ற மல்யுத்த வீரருடையது. 1926இல் மகாராஷ்டிராவின் கராட் பக்கம் கோலேஷ்வர் கிராமத்தில் பிறந்தவர். மண் கோதாவில் வளர்ந்த ஆள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பழக்கமில்லாத மெத்தையில் இறங்கியும் ஆறாவது இடம் பிடித்தார்.

அப்புறம் 1952 ஹெல்சிங்கி. போவதற்குக் கையில் காசில்லை. அவர் படித்த கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் தன் வீட்டையே அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். வெண்கலத்தோடு திரும்பியவரை ஊரார் நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகளோடு ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் பதினைந்து நிமிட வழிதான். அன்று ஏழு மணி நேரம் ஆனதாம்!

1955இல் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலை. 1984இல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருதுகூட அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் பல வருடம் கழித்து.