லைசோசோமுக்கும் கறுப்பு, கோல்ஜிக்கும் கறுப்பு: நொதிச் சாயம் பற்றிக் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. ஆய்வகத்தில் திசு வெட்டிச் சாயம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா பதில் சொல்கிறார்.

சாட்ஸ்வர்த் மாணவி: அக்கா, நொதிச் சாயம் என்றால் நொதியின் மேல் சாயம் ஒட்டிக்கொள்கிறதா?

இல்லைம்மா. நொதிக்கு நிறமே ஏறுவதில்லை. அதற்கு வேலை கொடுத்து, அந்த வேலையில் விழுகிற பொருளை அங்கேயே பிடித்துவைக்கிறோம். செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் சிறு பைதான் லைசோசோம். அதில் பாஸ்ஃபேட்டை வெட்டியெடுக்கும் அமில பாஸ்ஃபடேஸ் என்ற நொதி இருக்கிறது. பீட்டா கிளிசரோபாஸ்ஃபேட்டைக் கொடுத்தால் அதை உடைத்துப் பாஸ்ஃபேட்டை விடுவிக்கும். கலவையில் ஈய நைட்ரேட்டும் இருப்பதால் ஈய பாஸ்ஃபேட் அந்த இடத்திலேயே வீழ்படிவாகும். அதற்கு நிறம் கிடையாது. பிறகு அமோனியம் சல்ஃபைடில் முக்கினால் ஈய சல்ஃபைடாக மாறிப் பழுப்புக் கறுப்பாகத் தெரியும். கோமோரி என்ற ஆய்வாளர் 1941இல் கொடுத்த முறை இது. அசிட்டேட் பஃபர் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்), பிஎச் 5, வெப்பம் 37 டிகிரி. ஈயத்தைப் பஃபரில் முழுக்கக் கரைத்துவிட்டு, கிளிசரோபாஸ்ஃபேட்டைக் கலக்கிக்கொண்டே மெதுவாக விடுங்கள். அவசரப்பட்டால் பாட்டிலிலேயே வெள்ளையாகத் திரிந்துவிடும்.

பீனிக்ஸ் மாணவர்: கோல்ஜிக்கும் இதே கலவைதானா?

கோல்ஜி என்பது செல் செய்த புரதங்களைப் பொதிந்து அனுப்பும் தட்டடுக்கு. ஈயம் அதேதான், நொதிக்குக் கொடுக்கும் பொருள் வேறு. தயமின் பைரோபாஸ்ஃபேட் கொடுக்க வேண்டும், பிஎச் 7.2 பக்கம், கொஞ்சம் மாங்கனீசும் சேர வேண்டும். 1961இல் நோவிகாஃப், கோல்ட்ஃபிஷர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டிய வழி. இதில் கோல்ஜி அடுக்கு முழுதும் கறுக்காது. பொருள் வெளியேறும் பக்கத்தில், அதாவது டிரான்ஸ் பக்கத்தில், ஒன்றிரண்டு தட்டுகள்தான் கறுக்கும். 'பாதிதான் பிடித்திருக்கிறது' என்று ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சரியான விடை. எதிர்ப்பக்கத்துத் தட்டுகளைப் பார்க்க வேண்டுமானால் ஆஸ்மியம் டெட்ராக்சைடில் நீண்ட நேரம் ஊறவைக்கும் பழைய முறை இருக்கிறது. அது நொதி வேலை இல்லை, அதனால் இங்கே விடுகிறேன்.

அதே மாணவர்: எனக்கு நியூக்ளியஸும் கறுப்பாக வருகிறது. அங்கே லைசோசோம் நொதி இருக்கிறதா?

இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதே தம்பி! அதிக நேரம் கலவையில் விட்டால் ஈயம் பரவி நியூக்ளியஸில் ஒட்டும். நேரத்தைக் குறைத்துப் பார். அதோடு இரண்டு கன்ட்ரோல் ஸ்லைடு (நொதி வேலை நடக்காதபடி செய்து ஒப்பிடும் ஸ்லைடு) கட்டாயம் போடு: ஒன்றில் கிளிசரோபாஸ்ஃபேட் இல்லாத கலவை, இன்னொன்றில் முழுக் கலவையோடு சோடியம் ஃபுளோரைடு. அமில பாஸ்ஃபடேஸை ஃபுளோரைடு முடக்கிவிடும். அப்படியும் கறுத்தால் அந்தக் கறுப்பு நொதியால் வந்தது அல்ல. கன்ட்ரோல் இல்லாமல் யாராவது படம் காட்டினால் நான் பார்ப்பதே இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவி: லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) வந்தால் எல்லாம் போச்சு அக்கா. என்ன செய்வது?

இன்குபேட்டர் குளிர்ந்தால் வினை மந்தமாகும், நிறம் வெளுக்கும். கன்ட்ரோலும் சோதனை ஸ்லைடும் ஒரே நேரத்தில் ஒரே இன்குபேட்டரில் இருந்தால் ஒப்பிட்டாவது பார்க்கலாம். முடிந்தால் அட்டவணை பார்த்து வேலையைத் தொடங்குங்கள்.

எனக்கு உண்மையான கவலை ஃப்ரீசரைப் பற்றித்தான். உறைந்த திசு உருகி மறுபடி உறைந்தால் பனிப்படிகங்கள் லைசோசோம் சவ்வைக் கிழித்துவிடும். நொதி வெளியே கசிந்து, புள்ளிபுள்ளியாக வர வேண்டிய நிறம் செல் முழுதும் மங்கலாகப் பரவும். லைசோசோம் கண்டுபிடிக்கப்பட்ட கதையே இதுதான். பெல்ஜியத்தில் டி டூவ் என்ற விஞ்ஞானி எலி ஈரலை அரைத்து அமில பாஸ்ஃபடேஸை அளந்தபோது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. சில நாள் குளிர்பெட்டியில் கிடந்த அதே கலவையை அளந்தால் ஏறியிருந்தது. நொதி ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருக்கிறது, பை கிழிந்தால்தான் வெளியே வருகிறது என்று அங்கிருந்துதான் பிடித்தார். 1955இல் லைசோசோம் என்று பெயர் வைத்தார், 1974இல் நோபல் பரிசு. அவருக்குப் பரிசு தந்த கசிவு உங்களுக்கு ஸ்லைடைக் கெடுக்கும். ஆகவே கரண்ட் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள்.

டோங்காட் மாணவர்: மெழுகில் பதித்த திசு போதுமா? கழுவ பாஸ்ஃபேட் பஃபர் போதுமா?

இரண்டும் வேண்டாம். மெழுகுக்குப் போகும் வழியிலேயே ஆல்கஹாலும் சூடும் நொதியில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். குளிர்ந்த ஃபார்மலின் அல்லது குளூட்டரால்டிஹைடில் கொஞ்ச நேரம் வைத்து, உறைய வைத்து வெட்டுங்கள். பாஸ்ஃபேட் பஃபர் மிச்சமிருந்தால் ஈயம் அதையும் பிடித்துக்கொள்ளும், ஸ்லைடு முழுதும் அழுக்காகும்.

ஜோகன்னஸ்பர்க் மாணவி: எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கும் சல்ஃபைடு போட வேண்டுமா?

வேண்டாம். ஈயம் எலெக்ட்ரானைத் தானே தடுக்கும், ஈய பாஸ்ஃபேட்டே கறுப்பாகத் தெரியும். (அந்த நுண்ணோக்கிப் படங்களிலிருந்து முப்பரிமாண வடிவம் எடுக்கக் கற்றுக்கொடுத்து 1982இல் நோபல் வாங்கிய ஏரன் க்ளூக் நம் டர்பனில் வளர்ந்தவர். பசங்களுக்கு இது தெரிவதே இல்லை!)

அதே மாணவி: இப்போது ஆன்டிபாடி வந்துவிட்டதே. இந்தப் பழைய முறை எதற்கு?

ஆன்டிபாடி குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டும், அந்தப் புரதம் இருக்கிறது என்று சொல்லும். அது வேலை செய்கிறதா என்பதை இந்த முறைதான் சொல்லும். லைசோசோம் நொதி பழுதான பரம்பரை நோய்களில் புரதம் இருந்தும் வேலை நடக்காமல் இருக்கலாம். எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தேட டார்ட்ரேட் உப்பு போட்டாலும் முடங்காத அமில பாஸ்ஃபடேஸைத்தான் இன்றும் சாயமேற்றுகிறார்கள். அதற்கு ஈயம் வேண்டாம், நாஃப்தால் பாஸ்ஃபேட்டோடு டையசோ உப்பு சேர்த்தால் சிவப்பாக வரும்.

நம் நாட்டில் காசநோய் அதிகம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். காசநோய்க் கிருமி மேக்ரோஃபேஜுக்குள் (கிருமியை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) போனதும் தன்னைச் சுற்றிய பையோடு லைசோசோம் சேரவிடாமல் தடுக்கிறது. ஆர்ம்ஸ்ட்ராங், ஹார்ட் என்ற ஆய்வாளர்கள் 1971இல் லைசோசோமுக்குள் இரும்புள்ள புரதமான ஃபெரிட்டினை அடையாளமாக ஏற்றி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இதைக் காட்டினார்கள். லைசோசோமை அடையாளம் காண முடியாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை.

சாட்ஸ்வர்த் மாணவி: கடைசியாக, மீந்த கலவையை சிங்க்கில் ஊற்றலாமா?

கூடவே கூடாது. ஈயம் விஷம், தனி பாட்டிலில் சேர்த்துக் கழிவுக்குக் கொடுங்கள். அமோனியம் சல்ஃபைடை ஃபியூம் கப்போர்டுக்கு வெளியே திறக்காதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் மட்டுமில்லை, அந்த வாயுவும் விஷம்தான்.