கிரியேட்டினின் நார்மல்தானே, இன்னும் எதுக்கு யூரின் டெஸ்ட்?

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 56 வயசு, 11 வருஷமா சுகர். போன மாசம் கிரியேட்டினின் 1.1தான், கால் வீக்கமும் இல்ல, மூட்டு வலிக்கு மட்டும் அப்பப்ப மாத்திரை போடுவார். இப்ப புதுசா பார்த்த டாக்டர் யூரின்ல மைக்ரோஅல்புமின் டெஸ்ட் எழுதியிருக்காங்க, இதுவரைக்கும் எடுத்ததே இல்ல. "கிட்னி நல்லாத்தான இருக்கு, எதுக்கு வீண் செலவு"ன்னு அப்பா போக மாட்டேங்கிறார். நிஜமாவே வேணுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கண்டிப்பா வேணும்மா. கிரியேட்டினின்ங்கிறது கிட்னி வெளியேத்துற ஒரு கழிவு, அது ரத்தத்துல கண்ணுக்குத் தெரியுற அளவு ஏறுறதுக்குள்ள பல பேருக்கு கிட்னியோட வேலை கிட்டத்தட்ட பாதி போயிருக்கும், கால் வீக்கம் எல்லாம் அதைவிட லேட்டு. அந்த 1.1ஐ மட்டும் தனியா பாக்கவும் கூடாது, வயசு, ஆணா பெண்ணாங்கிறதோட சேர்த்து இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கிற கணக்கு (குறைஞ்சா கிட்னி வேலை குறையுதுன்னு அர்த்தம்) போட்டா அப்பாவுக்கு 79 கிட்ட வருது, அதே 1.1 ஒரு 70 வயசு அம்மாவுக்கு வந்தா 54தான்.

சுகர் முதல்ல கெடுக்கிறது கிட்னிக்குள்ள இருக்கிற வடிகட்டியை. அது நல்லா இருந்தா அல்புமின்ங்கிற புரோட்டீன் ரத்தத்துலயே நின்னுடும், பழுதாக ஆரம்பிச்சா யூரின்ல கொஞ்சம் கொஞ்சமா கசியும், அந்தக் கசிவைத்தான் இந்த டெஸ்ட் பிடிக்குது. சாதாரண யூரின் டெஸ்ட்ல "புரோட்டீன் நில்"னு வந்தாலும் நம்பி இருந்துடாதீங்க, இவ்வளவு சின்ன அளவு அதுல சிக்காது. டைப் 2 சுகர்னா கண்டுபிடிச்ச அன்னைக்கே எடுத்துட்டு வருஷம் ஒரு தடவை திரும்ப எடுக்கணும், அப்பாவுக்கு 11 வருஷமா யாரும் சொல்லலைங்கிறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

காலையில முதல்ல போற யூரின் குடுக்கிறது நல்லது. ரிசல்ட்ல அல்புமின்-கிரியேட்டினின் விகிதம்னு ஒரு நம்பர் இருக்கும், 30க்கு கீழன்னா நிம்மதி, 30ல இருந்து 300னா ஆரம்பக் கசிவு. ஒரு தடவை ஏறி வந்ததுக்கே பயந்துடாதீங்க, காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் கூடும், அதனால மூணு முதல் ஆறு மாசத்துக்குள்ள மூணு தடவை பார்த்து ரெண்டுல அதிகம்னாதான் உறுதி பண்ணுவோம். உறுதியானாலும் இந்தக் கட்டத்துல செய்ய நிறைய இருக்கும்மா, சுகரும் பிரஷரும் கட்டுக்குள்ள வச்சு, டெல்மிசார்ட்டான், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை குடுத்தா டயாலிசிஸ் பக்கம் போறதை பல வருஷம் தள்ளிப்போடலாம், நிறைய பேருக்கு அந்த நிலைமையே வராது.

நீங்க போற போக்குல சொன்ன அந்த மூட்டு வலி மாத்திரைதான் எனக்கு உறுத்துது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் இதெல்லாம் அடிக்கடி போட்டா சுகர்காரங்க கிட்னிக்கு ஆகாது. அப்பா வச்சிருக்கிற அட்டையை அப்படியே எடுத்துட்டுப் போய் அந்த டாக்டர்கிட்ட காட்டுங்க.