ஃபில்லர் போட்ட உதட்டில் தழும்பு: “நீங்கள்தான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை” என்கிறது பார்லர்

கேள்வி: ஏழு மாதத்துக்கு முன் கோவையில் ஒரு அழகு நிலையத்தில் 18,000 ரூபாய் கட்டி உதட்டுக்கு 1 மி.லி. ஃபில்லர் (உதட்டைப் பருமனாக்க ஊசியில் ஏற்றும் ஜெல்) போட்டுக்கொண்டேன். ஊசி போட்டது அங்கிருந்த பியூட்டீஷியன். “வீங்கும், ஐஸ் வைங்க” என்று வாயால் சொன்னதோடு சரி. அன்று இரவே மேலுதடும் மூக்கின் ஓரமும் வெளுத்துப்போய், தாங்க முடியாத வலி. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். “நார்மல்தான் மேம், நல்லா மசாஜ் பண்ணுங்க” என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் தோல் டாக்டர் கரைக்கும் ஊசி போட்டும், புண்ணாகித் தழும்பு விழுந்துவிட்டது. இதுவரை 64,000 ரூபாய் செலவு. பார்லரில் கேட்டால், “மறுநாளே லிப்ஸ்டிக் போட்டீங்க, ஜிம்முக்குப் போனீங்க” என்கிறார்கள். “எந்த விளைவுக்கும் நிலையம் பொறுப்பல்ல” என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது 18,000-ஐத் திருப்பித் தருவதாகச் சொல்லி இன்னொரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். முதலில், அந்த இரண்டாவது தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். “முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி அதில் கட்டாயம் இருக்கும். 18,000 ரூபாய்க்காக மற்ற எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

லிப்ஸ்டிக், ஜிம் வாதத்துக்கு வருவோம். ஃபில்லர் போட்டபின் வழக்கமாக நடப்பது இதுதான்: வீக்கம் முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கும், ரத்தக்கட்டு ஒன்றிரண்டு வாரத்தில் மறையும், உதட்டின் உண்மையான வடிவம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஒரு நாளாவது லிப்ஸ்டிக் வேண்டாம் என்பது ஊசித் துளை வழியே கிருமி போகக் கூடாது என்பதற்காக. ஓரிரு நாள் கடும் உடற்பயிற்சியும் மதுவும் கூடாது என்பது வீக்கமும் ரத்தக்கட்டும் கூடாமலிருக்க. இவற்றை மீறினால் வீக்கம் அதிகமாகலாம், சீழ் பிடிக்கலாம். தோல் வெளுத்துப் போகாது. வெளுப்பும் அளவுக்கு மீறிய வலியும் ரத்தக் குழாய்க்குள் ஃபில்லர் போய் அடைத்ததற்கோ, வெளியிலிருந்து குழாயை அழுத்தியதற்கோ அடையாளம். அது ஊசி முனையில் நடக்கிற விஷயம். தவிரவும், வெளுத்தது அன்று இரவு. அவர்கள் சொல்லும் லிப்ஸ்டிக்கும் ஜிம்மும் மறுநாள். தேதி வரிசையே அவர்கள் வாதத்தை உடைக்கிறது.

இந்த அடைப்பு எவ்வளவு நல்ல டாக்டர் கையிலும் நேரக்கூடியது. அதனால் “அடைப்பு ஏற்பட்டது” என்பதை மட்டும் வைத்து வழக்கைக் கட்டாதீர்கள். ஃபில்லர் ஹயலூரோனிக் அமில வகை என்றால், ஹயலூரோனிடேஸ் ஊசி அதைக் கரைக்கும். சில மணி நேரத்துக்குள் போட்டால் பெரும்பாலும் தோலைக் காப்பாற்றலாம். விரலால் அழுத்தி எடுத்ததும் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. அதைக்கூடச் செய்யாமல், படத்தைப் பார்த்துவிட்டு “நார்மல்” என்று அனுப்பினார்களே, உங்கள் வழக்கின் உயிர் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. “மூன்று நாள் ஏன் காத்திருந்தீர்கள்?” என்று எதிர்த்தரப்பு கேட்கும்போது அந்தச் செய்திதான் பதில். மசாஜ் பேச்சைப் பெரிதாக்க வேண்டாம். அடைப்பு ஏற்பட்டால் டாக்டர்களும் சில சமயம் தேய்த்துவிடுவதுண்டு. அதைக் காட்டியே தப்பிக்கப் பார்ப்பார்கள்.

பியூட்டீஷியன் ஊசி போட்டதே தனிக் குற்றம். பதிவுபெற்ற மருத்துவர் அல்லாதவர் மருத்துவம் பார்த்தால், தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34-ன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்யும் சட்டத்தின்கீழ் ஆய்வு செய்யும் அதிகாரம் அங்கே இருக்கிறது. பெயருக்கு ஒரு டாக்டரின் போர்டு மாட்டியிருந்தால், அவரையும் வழக்கில் சேருங்கள்.

கையெழுத்துப் போட்ட படிவத்துக்குப் பயப்படாதீர்கள். ஒப்புதல் என்பது சொல்லப்பட்ட ஆபத்துக்குத்தான். அலட்சியத்துக்கு யாரும் முன்கூட்டியே மன்னிப்பு எழுதித் தர முடியாது. சிகிச்சையின் ஆபத்தையும் மாற்று வழியையும் விளக்கிப் பெறாத ஒப்புதல் ஒப்புதலே அல்ல என்பது சமிரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். எந்த அறிகுறி வந்தால் ஓடி வர வேண்டும், இரவில் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதித் தராததும் சேவைக் குறைபாடுதான்.

ஆதாரங்களை இந்த வாரமே திரட்டுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாமல் முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். அந்தப் போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63-ன் சான்றிதழ் இணைக்க அது வேண்டும். படங்களை வெட்டாமல், ஃபில்டர் போடாமல் மூலக் கோப்பாகவே வைத்திருங்கள். தோல் டாக்டரிடம் கேஸ் ஷீட்டின் நகலை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறை விதி. எந்த நேரம் பார்த்தார், என்ன கண்டார், எவ்வளவு ஊசி போட்டார், தழும்பு நிரந்தரமா, இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். ஃபில்லர் டப்பாவில் லாட் எண்ணுடன் (தயாரிப்புத் தொகுதி எண்) ஸ்டிக்கர் வரும். அதையும் பில்லையும் பார்லரிடம் நோட்டீஸ் வழியாகக் கேளுங்கள். தரவில்லை என்றால், என்ன பொருளை ஏற்றினார்கள் என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் கொடுங்கள். பிறகு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 35-ன்கீழ் மாவட்ட ஆணையத்தில் புகார். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பது நீங்கள் பார்லருக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 18,000, 64,000, இழந்த சம்பளம், தழும்புக்கு இனி ஆகும் செலவு, மன உளைச்சல் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கெடு இரண்டு ஆண்டு. எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது.

போலீஸ் புகாரும் தரலாம். முகத்தில் நிரந்தர விகாரம் சட்டப்படி கொடுங்காயம். டாக்டர் அதைச் சான்றளித்தால், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அலட்சியத்தால் கொடுங்காயம் விளைவிப்பதற்கான பிரிவு 125(b) பொருந்தும். மூன்றாண்டு வரை சிறை. உச்ச நீதிமன்றத்தின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு (2005) டாக்டர்கள் மீதான குற்ற வழக்குக்குப் போட்ட கட்டுப்பாடுகளை, டாக்டரே அல்லாதவர் கேடயமாகப் பிடிக்க முடியாது.

ஒன்று மட்டும்: தீர்ப்பு வரும்வரை பார்லர் பெயரைப் போட்டு இன்ஸ்டாகிராமில் எழுதாதீர்கள். அவதூறு நோட்டீஸ் ஒன்று வந்தால், நம் நேரம் அதற்குப் பதில் எழுதுவதிலேயே போய்விடும்.