பிரித்துப் போட்ட தையல்

அன்புள்ள மேடம்,

என் மகளுக்கு வயது 15. நன்றாகப் படிப்பாள், வாயாடி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டேதான் உள்ளே வருவாள். இப்போது அந்தக் குரலே வீட்டில் கேட்பதில்லை.

ஆறு மாதமாக உடை விஷயத்தில்தான் எங்களுக்குள் தகராறு. முட்டியிலும் தொடையிலும் கிழித்துவிட்ட ஜீன்ஸ், இடுப்பு தெரிகிற குட்டை டாப்ஸ், இல்லாவிட்டால் இரண்டு ஆள் புகுந்துகொள்கிற மாதிரி ஒரு தொளதொள டி-ஷர்ட். அவளுடைய தோழிகள் எல்லோரும் இப்படித்தான். "காசு கொடுத்துக் கிழிசல் வாங்குறாளே" என்று என் மாமியார் தலையில் அடித்துக்கொள்கிறார். அந்த ஜீன்ஸை வெளிக்கொடியில் காயப்போட எனக்கே கூச்சமாக இருக்கிறது. அறைக்குள்ளேயே உலர்த்திக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, அவள் தூங்கிய பிறகு அதை எடுத்து, உள்பக்கம் துணி கொடுத்து, நான்கு கிழிசலையும் தைத்துவிட்டேன். நீல நூலில், வெளியே தெரியாதபடி நேர்த்தியாகத்தான் தைத்தேன். காலையில் பார்த்தவள் கத்தவில்லை, அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக நெம்பி எடுத்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிரித்த நூலைச் சுருட்டிச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டு, அதே ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில்.

போன வாரம் அவள் பையில் ஒரு டாப்ஸ் மடித்து இருந்தது. வீட்டிலிருந்து ஒரு உடையில் போய், தோழி வீட்டில் மாற்றிக்கொள்கிறாள். விஷயம் தெரிந்ததும் என் கணவர், "எல்லாத்தையும் போட்டுக் கொளுத்து" என்றார். "இப்படிப் போய் எவனாவது ஏதாவது பண்ணினா நீதான் காரணம்" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். நாலு பேர் என்ன பேசுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், பிள்ளை கையைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் மறுபக்கம். நான் என்ன செய்ய வேண்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத தாய்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த நூல் சுருள் வருகிற இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கோபம் வந்த பிள்ளை துணியை வீசும், கதவை அறையும். உங்கள் மகளோ பொறுமையாகப் பிரித்து, நூலை உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். 'என்னைக் கேட்காமல் என் பொருளில் கை வைத்துவிட்டாயே' என்று அவள் சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அதிலிருந்து தொடங்குங்கள். "உன்னைக் கேட்காம தைச்சது என் தப்பும்மா." இவ்வளவு போதும். "ஆனா நீயும்..." என்று வாலில் ஒன்றைக் கட்டிவிடாதீர்கள். அந்த 'ஆனா' வந்துவிட்டால் பிள்ளைகளின் காதில் அது மட்டும்தான் விழும்.

ஒரு கிழிசலுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்த வயதுப் பிள்ளைகள், எல்லோருடைய கண்ணும் தங்கள்மேல்தான் இருக்கிறது என்று நினைப்பார்கள். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயர் வைத்தார். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்க அவளுக்குப் பயம். தோழிகளைப் போலவே உடுத்தினால் அந்தப் பயம் குறைகிறது. அதே சமயம், 'நான் அம்மாவின் நகல் இல்லை' என்று காட்டவும் ஆசை. இரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரே ஜீன்ஸ் உதவுகிறது.

தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பாடகரின் படம் பெரிதாகப் போட்ட, போடவே கூச்சப்படுகிற டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். இதைப் படித்தபோது எனக்கு உங்கள் வெளிக்கொடி ஞாபகத்துக்கு வந்தது. நாம் பயப்படுகிற அந்த 'நாலு பேர்' கூட்டத்திலும் பாதி நம் கற்பனைதான், சகோதரி. உடைக்காகப் பிள்ளைகள் திட்டு வாங்குவதும் புதிதில்லை. 1970-களில் பெல்பாட்டம் போட்ட பிள்ளைகளும் வீட்டில் வசவு வாங்கியவர்கள்தான்.

கொளுத்துவது வேண்டவே வேண்டாம். சுதந்திரத்தைப் பறித்தால், பறித்த பொருளின்மேல் ஆசை இன்னும் கூடும் என்று ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966-இலேயே எழுதிவிட்டார். உங்கள் வீட்டில் அது ஏற்கெனவே பையில் மடித்த டாப்ஸாக நடந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பைதான் எனக்குக் கவலை தருகிறது. அந்த உடையில் இருக்கும்போது யாராவது அவளிடம் தவறாக நடந்துகொண்டால் அவள் யாருக்கு போன் செய்வாள்? "நீதான் காரணம்" என்று கேட்ட பிள்ளை, வீட்டுக்குச் சொல்லவே சொல்லாது. தவறு செய்கிறவனின் குற்றத்தைத் தூக்கிப் பெண்ணின் துணியில் போடுவது அநியாயம். முழுக்க மூடிய உடையில் போகிற பெண்களும் சீண்டலுக்கு ஆளாகிறார்கள் என்பது நமக்குத் தெரியாதா? உங்கள் கணவர் பயத்தில் பேசியிருக்கிறார், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வார்த்தையை அவரே அவளிடம் திரும்பப் பெற வேண்டும். "என்ன போட்டிருந்தாலும் சரி, எந்த நேரமானாலும் சரி, ஒண்ணுன்னா அப்பாவுக்கு போன் பண்ணு" என்று அவர் வாயால் அவள் கேட்க வேண்டும். நீங்கள் இடையில் நின்று சொன்னால் போதாது.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்லவில்லை. மறுக்க வேண்டியவை சில உண்டு. பள்ளி விதி, துக்க வீடு, பிறரைக் கேவலப்படுத்தும் வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட் (பல சமயம் அர்த்தம் தெரியாமலேயே போட்டுக்கொள்கிறார்கள், உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள்), உடம்பைக் காயப்படுத்துகிற இறுக்கம். மறுக்கிறபோது காரணத்தையும் சொல்லுங்கள். "நல்லாவா இருக்கு?" என்பது காரணம் ஆகாது. மற்றதில் அவள் இஷ்டம். மாமியார் முன்னால் மட்டும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

சில அறிகுறிகளை மட்டும் கவனியுங்கள். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கையைக் கழற்ற மறுப்பது, கண்ணாடியைத் தவிர்ப்பது, சாப்பாட்டைக் குறைப்பது, தோழிகளை ஒதுக்குவது. இவை தெரிந்தால், உடையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். சில பிள்ளைகள் தொளதொள சட்டைக்குள் உடம்பைப் பற்றிய வெறுப்பையோ, தாங்களே ஏற்படுத்திக்கொண்ட காயத்தையோ மறைக்கிறார்கள். உங்கள் மகள் தோழிகளோடு கலகலப்பாக இருக்கிற வரை எனக்கு அந்தப் பயம் அதிகம் இல்லை.

மன்னிப்புக் கேட்ட உடனே அவள் பழையபடி பேசிவிட மாட்டாள். காத்திருங்கள். அடுத்த முறை துணி துவைக்கும்போது அந்த ஜீன்ஸையும் சேர்த்துத் துவைத்து, மற்ற துணிகளோடு வெளிக்கொடியில் போடுங்கள். வீட்டுக்கு வரும்போது அவள் கண்ணில் அது படட்டும்.