டிஸ்க்கை மாற்றினாலும் கோளாறு மாறவில்லையா?

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு ஸ்டோரேஜ் சர்வர்

கேள்வி (திருச்சி வாசகர்): பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கு போட்டு, ட்ரூநாஸ் (ஸ்டோரேஜ் சர்வருக்கான மென்பொருள்) நிறுவி, குடும்பப் புகைப்படங்களையும் வீடியோக்களையும் வைத்திருக்கிறேன். ரெய்டு இசட்1 அமைப்பு (டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் டேட்டா போகாமல் காப்பது). 14 மாதங்களில் மூன்று டிஸ்க் ‘ஃபால்டட்’ (பழுது) ஆகிவிட்டன. மூன்றாவதைக் கடையில் கொடுத்தபோது, முழுவதும் அழித்து எழுதிப் பார்த்துவிட்டு, “டிஸ்க் நன்றாகத்தானே இருக்கிறது” என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதன் ஸ்மார்ட் கணக்கு (டிஸ்க் தன் நிலையைத் தானே எண்களாகப் பதிவுசெய்யும் பட்டியல்) இது: 5-ஆம் எண் 0. 197-ஆம் எண் கோளாறு வந்த அன்று 24, கடையிலிருந்து வந்தபின் 0. 199-ஆம் எண் 1,186. 12-ஆம் எண் 391. இந்த டிஸ்க் போட்டபின் சர்வரை நான் ஆன் செய்தது 40 தடவைக்குள்தான். எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை பெட்டியில்) சாட்டா பவர் முனை ஒன்றுதான் இருந்ததால், ஒன்றை நான்காகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் போட்டிருக்கிறேன். வேறு கம்பெனி டிஸ்க் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு எந்த டிஸ்க்கும் வாங்காதீர்கள். கடைக்காரர் சொன்னது சரி. நீங்கள் எழுதிய நான்கு எண்களுக்குள்ளேயே விடை இருக்கிறது.

12-ஆம் எண், டிஸ்க்குக்கு எத்தனை தடவை மின்சாரம் புதிதாக வந்தது என்ற கணக்கு. நீங்கள் ஆன் செய்தது 40, டிஸ்க் எண்ணியது 391. ஆக, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுமார் 350 தடவை டிஸ்க் மட்டும் அணைந்து எழுந்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் அறுந்தால் அந்த செக்டார் (டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சிறு பகுதி) பாதி எழுதியபடி நின்றுவிடும். அடுத்த முறை அதைப் படிக்க முடியாமல் 197-இல் ஏறும். அதன்மேல் முழுதாக எழுதியதும் அது சரியாகிவிடும். கடையில் நடந்தது அதுதான். தகட்டிலேயே பழுது இருந்திருந்தால், எழுதும்போது டிஸ்க் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு உபரி செக்டாரை எடுத்திருக்கும். 5-ஆம் எண் ஏறியிருக்கும். உங்களுக்கு அது 0.

199-ஆம் எண், டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்து வந்த தடவைகள். டேட்டா கேபிள், அதன் முனை, தள்ளாடும் மின்சாரம் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். கேபிளை மாற்றினாலும் இந்த எண் இறங்காது. இன்றைய எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, இனி ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது ஸ்பிளிட்டருக்கு வருவோம். 3.5 இன்ச் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் லைனில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். நான்கும் சேர்ந்து 8 ஆம்பியர். ஒரு சாட்டா பவர் முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5 ஆம்பியர்தான் தாங்கும். தாங்கக்கூடியதுபோல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கை அந்த ஒற்றை முனை வழியாக நீங்கள் இழுக்கிறீர்கள். சுழன்று ஓடத் தொடங்கியபின் ஒரு டிஸ்க்குக்கு அரை ஆம்பியர் அளவே போதும் என்பதால் மாதக்கணக்கில் ஓடத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் அந்த முனை சூடாகித் தளர்கிறது. தளர்ந்த முனையில் மின்தடை கூடி, நான்கு டிஸ்க்கும் ஒன்றாகப் பாடுபடும் ஸ்க்ரப் (எல்லாத் தகவலையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) நேரத்தில் வோல்டேஜ் விழுகிறது. எந்த டிஸ்க் முதலில் தாங்கவில்லையோ அது ‘செத்ததாக’க் காட்டப்படுகிறது. முதல் இரண்டு டிஸ்க்குகளும் இப்படித்தான் போயிருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் அவற்றையும் சோதியுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை. முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் புகைப்படங்களை நகல் எடுங்கள். ரெய்டு இசட்1 ஒரு டிஸ்க் போவது வரைதான் தாங்கும். கைவைக்கும் நேரத்தில் இன்னொன்று நழுவினால் எல்லாம் போய்விடும். அடுத்து சர்வரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்பிளிட்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, பின் கறுத்திருந்தாலோ, அன்றே குப்பைக்கு.

எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். மேலே 450 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, 12 வோல்ட்டில் 12 ஆம்பியர் மட்டுமே தரும் மலிவுச் சரக்கு சந்தையில் ஏராளம். டிஸ்க் நான்குக்கு 8, ப்ராசஸருக்கும் மின்விசிறிகளுக்கும் 7 என்றாலே 15 ஆகிவிடுகிறது. 25 ஆம்பியராவது தரக்கூடியதும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வரும் சாட்டா முனை குறைந்தது நான்கு உள்ளதும் வாங்குங்கள். இரண்டு கேபிளில் இரண்டிரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. பிரிப்பான் போட்டே ஆக வேண்டுமென்றால், பழைய நான்கு பின் மோலெக்ஸ் முனையிலிருந்து எடுங்கள். அந்தப் பின் தடிமனானது, அதிகம் தாங்கும். அதிலும் ஒயர்கள் தனித்தனியாகச் செருகி இறுக்கப்பட்ட வகைதான் வேண்டும். ஒயர்மேல் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையில், உள்ளே ஒயர்கள் ஒன்றையொன்று நெருங்கிப் பொறி பறந்து எரிந்த முனைகளைப் பழுதுபார்ப்பவர்கள் நிறையவே பார்த்திருப்பார்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் காலியாக உள்ள மோலெக்ஸ் முனையில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் இடையே இருக்க வேண்டும். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 4.75 முதல் 5.25. ஸ்க்ரப் ஓடும்போது அளப்பதுதான் பயன். சில மில்லிசெகண்ட் மட்டும் விழும் வோல்டேஜ் மீட்டருக்குத் தெரியாது. ஆகவே 11.5 என்று காட்டினாலும் நிம்மதி அடையாதீர்கள்.

பிறகு சாட்டா டேட்டா கேபிள்கள். கிளிப் உள்ளதாக வாங்குங்கள். 1 மீட்டருக்கு மேல் கூடாது, அரை மீட்டர் போதும். அழகுக்காக எல்லாக் கேபிளையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கிக் கட்ட வேண்டாம், முனையருகே மடக்கவும் வேண்டாம். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைச் சீட்டில் எழுதி வெளியே தெரியும்படி ஒட்டுங்கள். கோளாறான டிஸ்க் என்று நினைத்து நல்ல டிஸ்க்கை உருவிவிடுவதில்தான் பல பேருக்கு டேட்டா போகிறது.

இத்தனைக்குப் பிறகும் 199 ஏறினால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அந்த டிஸ்க்கின் டேட்டா கேபிளைப் பக்கத்து டிஸ்க்கின் கேபிளோடு மாற்றி ஒரு ஸ்க்ரப் ஓடவிடுங்கள். பிழை கேபிளோடு நகர்ந்தால் கேபிள். நகராவிட்டால், அடுத்ததாக அந்த இரண்டு கேபிள்களின் மதர்போர்டு முனைகளை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள்; பிழை மதர்போர்டின் அதே போர்ட்டில் தங்கினால் போர்ட். டிஸ்க்கோடு போனால், அப்போது மட்டும் டிஸ்க் வாங்குங்கள்.

கேள்வி (கோவை வாசகர்): செத்த டிஸ்க்குக்குப் பதிலாகப் புதிய 6 டெராபைட் போட்டேன். ரீசில்வர் (புதிய டிஸ்க்கில் தகவலை மீண்டும் நிரப்பும் வேலை) ஐந்து நாளாகியும் முடியவில்லை. நடுவிலேயே புதிய டிஸ்க்கும் ‘ஃபால்டட்’. ஸ்மார்ட்டில் ஒரு பிழைகூட இல்லை.

பதில்: டிஸ்க்கின் மாடல் எண்ணை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அறிகுறியைப் பார்த்தால் எஸ்எம்ஆர் வகை என்றே தோன்றுகிறது. கூரையில் ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் விளிம்பில் அடுத்த தடம் ஏறி உட்கார்ந்திருக்கும் முறை இது. நடுவே ஓர் ஓட்டை மாற்ற மேலே உள்ள ஓடுகளை எல்லாம் எடுக்க வேண்டும் அல்லவா? அதேபோல் சிறிது மாற்றி எழுதவும் ஒரு பகுதி முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். தினசரி வேலையில் டிஸ்க் ஒரு தற்காலிக இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ளும். ரீசில்வரில் ஓய்வே கிடையாது. தற்காலிக இடம் நிரம்பியதும் டிஸ்க் நொடிக்கணக்கில் பதிலே சொல்லாது. சர்வர் அதைச் செத்ததாக முடிவுகட்டிவிடும்.

வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்பதை 2020 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது. அதன்பின் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத) வகையை ‘ரெட் பிளஸ்’ என்று தனியாகப் பிரித்தது. சீகேட்டில் பாராகுடா வரிசையின் பல மாடல்கள் எஸ்எம்ஆர், அயர்ன்வுல்ஃப் சிஎம்ஆர். கடையில் “நாஸ் டிஸ்க்” (ஸ்டோரேஜ் சர்வருக்கான டிஸ்க்) என்று மட்டும் கேட்காதீர்கள். மாடல் எண்ணை வாங்கி, கம்பெனியின் இணையதளத்தில் சிஎம்ஆர் என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. படிக்க முடியாத செக்டார் வந்தால் அது நிமிடக்கணக்கில் விடாமல் முயலும். சர்வரின் லினக்ஸ் இயங்குதளம் 30 நொடி பொறுத்துவிட்டு இணைப்பை மறுதொடக்கம் செய்யும். ரெய்டிலிருந்து டிஸ்க் வெளியேறும். நாஸ் டிஸ்க்குகள் 7 நொடியில் கைவிட்டு “இதைப் படிக்க முடியவில்லை” என்று சொல்லிவிடும். மற்ற டிஸ்க்குகளிலிருந்து ரெய்டு அதை நிரப்பிக்கொள்ளும். ஸ்மார்ட் கணக்கைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளையில், இந்தக் காத்திருப்பு நேரத்தைக் குறிக்கும் எஸ்சிடிஇஆர்சி (scterc) என்ற அமைப்பைப் பாருங்கள். மதிப்பு 70 என்றால் 7 நொடி. பல டிஸ்க்குகளில் மின்சாரம் போனால் இது அழிந்துவிடும் என்பதால் சர்வர் தொடங்கும்போதே ஓடும்படி எழுதிவையுங்கள். டிஸ்க் அதை ஏற்காவிட்டால், லினக்ஸின் 30 நொடியை 180 ஆக உயர்த்துங்கள்.

கேள்வி (சென்னை வாசகி): சத்தம் வரக்கூடாது என்று சர்வரை மர அலமாரிக்குள் வைத்திருக்கிறேன். மே மாதம் டிஸ்க் சூடு 54 டிகிரி வரை போனது. இது ஆபத்தா?

பதில்: ஆமாம், கதவைத் திறந்து வையுங்கள். பெரும்பாலான டிஸ்க்குகளுக்குக் கம்பெனி சொல்லும் உச்சம் 60 அல்லது 65 டிகிரி. அது தாங்கக்கூடிய எல்லைதான்; வருடக்கணக்கில் ஓட 30 முதல் 40 வரை நல்லது, 45 தாண்டினால் ஏதாவது செய்ய வேண்டும். நல்ல காற்றோட்டத்தில் டிஸ்க் அறையைவிட 8 முதல் 12 டிகிரி கூடுதலாக இருக்கும். உங்கள் அறை 36 என்றால் 46-ஐத் தவிர்க்க முடியாது. 54 என்பது காற்று நின்றுபோனதன் அடையாளம். கேபினெட்டின் முன்பக்கம் டிஸ்க்குகளுக்கு நேராக 120 மில்லிமீட்டர் மின்விசிறி ஒன்றைக் காற்றை உள்ளே இழுக்கும்படி போடுங்கள். டிஸ்க்குகளுக்கு நடுவே ஒரு தட்டு காலி விடுங்கள். மின்விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும், சத்தமும் வராது. வாஷிங் மெஷின் அருகிலோ, மோட்டார் ஓடும் சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். அதிர்வில் டிஸ்க்கின் தலை தடம் தவறித் திரும்பத் திரும்பப் படிக்கும்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): ராஸ்பெரி பை 4 என்ற சிறு கம்ப்யூட்டரில் இரண்டு போர்ட்டபிள் டிஸ்க். நகல் எடுக்கும்போது ஒன்று காணாமல் போகிறது. இதுவரை இரண்டு டிஸ்க் மாற்றிவிட்டேன்.

பதில்: பை 4-இன் நான்கு யுஎஸ்பி முனைகளுக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான். 2.5 இன்ச் டிஸ்க் ஒன்றே தொடங்கும்போது 1 ஆம்பியர் வரை கேட்கும். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் வாங்குங்கள். மாற்றிய இரண்டு டிஸ்க்குகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவை நல்லவையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி (மதுரை வாசகர்): விலை குறைவாகக் கிடைத்த 12 டெராபைட் சீகேட் எக்ஸோஸ் டிஸ்க். “புத்தம் புதிது” என்றார்கள். ஸ்மார்ட்டிலும் 0 மணி நேரம்தான். ஆனால் திருகுகளின் இடத்தில் கீறல் இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

பதில்: கீறல் இருந்தால் சந்தேகம் நியாயம். ஓடிய மணி நேரக் கணக்கை 0 ஆக்கி விற்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் இதே எக்ஸோஸ் வகையில் இந்த மோசடி பெரிய அளவில் வெளியே வந்தது. சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் (FARM) என்ற இன்னொரு பதிவு உள்ளே இருக்கிறது. அந்த மோசடியைக் காட்டிக்கொடுத்ததும் அதுதான். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அதைப் படிக்கலாம். அங்கே 20,000 மணி நேரம் என்றும் ஸ்மார்ட்டில் 0 என்றும் இருந்தால், படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். சீரியல் எண்ணைக் கம்பெனியின் உத்தரவாதப் பக்கத்திலும் போட்டுப் பாருங்கள்.

இரண்டும் ஒத்துப்போனாலும், டேட்டா ஏற்றுமுன் பேட்பிளாக்ஸ் (டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளை) எழுதிப் பார்க்கும் முறையில் ஓட்டுங்கள். டிஸ்க்கில் உள்ளது எல்லாம் அழியும் என்பதால் காலி டிஸ்க்கில் மட்டும். பிளாக் அளவு 4096 என்று கொடுங்கள்.  நான்கு தடவை எழுதி, நான்கு தடவை படிக்கும். 12 டெராபைட்டுக்கு ஒரு வாரம் ஆகும். பொறுமையாக இருங்கள். முடிந்ததும் ஸ்மார்ட்டின் நீண்ட சோதனை. 5, 197, 198 (சரிசெய்ய முடியாத செக்டார்கள்) மூன்றில் ஏதாவது ஒன்று 0 இல்லையென்றால் வைத்துக்கொள்ள வேண்டாம். கூகுள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைப்படி, முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைச் சோதிக்கும்போது வரும் பிழை) கண்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, பிழையே இல்லாததைவிட 39 மடங்கு. பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் எச்சரிக்கைகளில் ஒன்றுகூடக் காட்டவில்லை என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. ஆகவே சோதனையில் தேறிய டிஸ்க்கில் இருக்கும் கோப்புகளுக்கும் வேறோர் இடத்தில் நகல் வேண்டும்.