அப்பா எங்கே என்று அம்மா கேட்டால்

வணக்கம் சார். அம்மாவுக்கு 78 வயது. அல்சைமர் என்ற மறதி நோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அப்பா இறந்து ஆறு வருடம். ஆனால் தினமும் சாயங்காலம் "எய்யா, அப்பா இன்னும் வரலியே" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அப்பா செத்துப்போயாச்சும்மா" என்பேன். அப்போதுதான் கேள்விப்பட்டவள்போல அழுவாள். அரை மணி நேரத்தில் மறுபடி அதே கேள்வி. என் மனைவியோ "மாமா கடைக்குப் போயிருக்காங்க அத்தை" என்று சொல்லிவிடுகிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பெற்றவளிடம் பொய் சொல்லலாமா? உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒருநாள் பதியாதா?

ச., பாளையங்கோட்டை

அன்புள்ள ச.,

பதியாது. புது விஷயங்களைப் பதிய வைக்கிற ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியை இந்த நோய் ஆரம்பத்திலேயே அரிக்கத் தொடங்கிவிடுகிறது. காலையில் தின்ற இட்லி மறந்துபோய், கல்யாணப் பந்தியில் யார் பரிமாறினார் என்பது நினைவிருப்பது அதனால்தான். நீங்கள் சொல்லும் சாவுச் செய்தி அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி.

செய்தி மறந்தாலும் துக்கம் உடனே போவதில்லை. 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 17 அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். சற்று நேரத்தில் பார்த்தது என்ன என்பதே பெரும்பாலும் மறந்துவிட்டது. ஆனால் வருத்தம் மட்டும் தங்கியிருந்தது. ஏன் அழுகிறோம் என்றே தெரியாமல் அழுவது எவ்வளவு கொடுமை.

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் அம்மா நாலு மணியானால் இரண்டு சேலையை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பிவிடுவாள். நாற்பது வருடமாக அவள் இருக்கிற வீடு அது. ஒருநாள் பொறுமையிழந்து கரண்டு பில்லைக் கொண்டுவந்து நீட்டினேன். "பாரு, உன் பேருதான் போட்டிருக்கு." கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தாள். "பாவம், என் பேருலயே ஒருத்தி. அவளுக்கு யாரு கட்டுவா?" என்றாள். பையை மட்டும் கீழே வைக்கவில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டுல என்னக்கா வேலை கெடக்கு?" என்று கேட்டாள். "மாடு கறக்கணும்லா, அம்மா ஒத்தையில கெடப்பா." "எத்தன மாடு?" அவ்வளவுதான். செவலை, மயிலை, உதைக்கிற ஒன்று என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. எப்போது பையைக் கீழே வைத்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

சித்தி பொய் எதுவும் சொல்லவில்லை, பாருங்கள். உங்கள் மனைவி சொல்வதும் பெரிய பாவமில்லை. என்ன, கடைக்குப் போனவர் திரும்பி வரவேண்டும். அம்மா வாசலிலேயே காத்திருப்பாள். அதற்குப் பதில் "அப்பாவத் தேடுதாம்மா?" என்று கேளுங்கள். ராத்திரி அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், கோபம் வந்தால் என்ன செய்வார் என்று பேச்சை அவர் பக்கமே வளருங்கள். சில நாள் அவளே "அவரு போயிட்டாருல்லா" என்பாள். அன்றைக்கு மழுப்பாதீர்கள். "ஆமாம்மா" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வருகிற சொந்தக்காரர்கள் "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைப்பார்கள். வாசலிலேயே தடுத்துவிடுங்கள். நீங்களே உள்ளே போகும்போது பெயரைச் சொல்லிக்கொண்டு போங்கள். டிவியை அணைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால் நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் நான் கத்தியிருக்கிறேன். நீங்களும் கத்துவீர்கள். கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு, புதிதாக வந்தவர்போல உள்ளே வாருங்கள். அவளுக்கு நீங்கள் அப்போதுதான் வருகிறீர்கள்.